வால்ட் டிஸ்னி: திரைக்குப் பின்னே பிறந்த சொற்கள்

அசைவூட்டப் படங்களைக் காணாத குழந்தை இன்று அரிது. திரையில் எலி பேசுகிறது. மான்குட்டி பனிக்கட்டியின் மேல் சறுக்கி விழுகிறது. குள்ளர் எழுவர் வரிசையாக வீடு திரும்புகின்றனர். இவற்றைக் கண்டு மகிழ்பவர் பலர். இவை எவ்வாறு உருவாகின்றன என்று கேட்பவர் சிலர். அவ்வாறு கேட்ட இளைஞர் ஒருவர் பின்னாளில் அக்கலையில் உலகப் புகழ் பெற்றார். அவரே வால்ட் டிஸ்னி. அவருடைய படக்கூடத்தில் வழங்கிய ஆங்கிலச் சொற்கள் பல இன்று பல நாடுகளின் படக்கூடங்களிலும் வழங்குகின்றன. அச்சொற்களை அகராதியில் தேடி அறியலாம். அவை எந்த வேலைக்குப் பெயராக அமைந்தன என்பதைக் கண்டு அறிந்தால் அவை மறவா. வால்ட் டிஸ்னியின் வாழ்க்கை அதற்கு நல்ல வழிகாட்டியாகும்.

இளமைக் காலம்

வால்ட் டிஸ்னி 1901ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆம் நாள் அமெரிக்காவின் சிகாகோ நகரில் பிறந்தார். தந்தை எலையாஸ், தாய் புளோரா. ஐந்து பிள்ளைகளுள் இவர் நான்காமவர். 1906ஆம் ஆண்டு குடும்பம் மிசௌரி மாநிலத்தின் மார்சலின் என்னும் சிற்றூருக்குக் குடிபெயர்ந்தது. அங்கிருந்த பண்ணையில் கோழி, பன்றி, குதிரை ஆகியவற்றின் நடுவே சிறுவன் வளர்ந்தான். விலங்குகளை உற்றுநோக்கி வரையும் பழக்கம் அங்கே தோன்றியது.

பண்ணைத் தொழில் குடும்பத்தைத் தாங்கவில்லை. 1911ஆம் ஆண்டு அவர்கள் கான்சஸ் சிட்டி நகருக்குச் சென்றனர். அங்கே தந்தை செய்தித்தாள் வழங்கும் உரிமையைப் பெற்றார். வால்ட்டும் அவருடைய அண்ணன் ராயும் பொழுது விடியும் முன்னரே எழுந்து, பனியிலும் மழையிலும் வீடு வீடாகச் செய்தித்தாள் வழங்கினர். அதன்பின் பள்ளிக்குச் சென்ற சிறுவன் வகுப்பில் சோர்ந்து உறங்கிவிடுவதும் உண்டு. ஆயினும் வரைவதை அவன் விடவில்லை.

முதல் உலகப்போரின் இறுதியில், வயது போதாத நிலையிலும், வால்ட் செஞ்சிலுவைச் சங்கத்தில் சேர்ந்தார். போர் ஓய்ந்த பின் பிரான்சு நாட்டில் ஊர்தி ஓட்டினார். 1919ஆம் ஆண்டு தாயகம் திரும்பியதும் கான்சஸ் சிட்டியில் விளம்பர ஓவியர் பணியில் அமர்ந்தார். அங்கே அப் ஐவர்க்ஸ் என்னும் இளம் ஓவியர் நண்பரானார். இருவரும் ஒத்த வயதினர்.

நூலகத்தில் கிடைத்த நூல்

1920ஆம் ஆண்டு வால்ட், திரையரங்க விளம்பரப் படங்கள் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் சேர்ந்தார். அங்கே காகிதத்தில் வெட்டிய உருவங்களைச் சிறிது சிறிதாக நகர்த்திப் படம் எடுத்தனர். அந்த அசைவு அவருக்கு நிறைவு தரவில்லை. இதைவிட இயல்பாக உருவங்களை இயக்க இயலுமா என்று அவர் எண்ணினார். கற்றுத்தரும் பள்ளி எதுவும் அருகில் இல்லை. ஆகவே, நகரப் பொது நூலகத்தை நாடினார். எட்வின் லட்ஸ் என்பவர் எழுதி 1920ஆம் ஆண்டு வெளிவந்த நூல் ஒன்று அவருக்குக் கிடைத்தது. அசைவூட்டப் படங்கள் எவ்வாறு செய்யப்படுகின்றன என்பதை அந்நூல் படங்களுடன் விளக்கியது.

வால்ட்டின் வாழ்வை அந்நூல் மாற்றியது எனலாம். திரையில் வியப்பாகத் தோன்றியது, நூலில் ஒரு வேலையாக விளங்கியது. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பெயர் இருந்தது. பெயரும் வேலையும் ஒருங்கே அவர் மனத்தில் பதிந்தன.

அனிமேஷன் என்னும் ஆங்கிலச் சொல்லே அத்தகையது. இதன் வேரான அனிமா என்னும் இலத்தீன் சொல்லுக்கு உயிர் அல்லது மூச்சு என்று பொருள். ஆகவே அனிமேஷன் என்பது உயிரூட்டுதல் ஆகும். தமிழ் கற்போர்க்கு இது புதிதன்று. மெய்யெழுத்து தனித்து இயங்காது. உயிர் சேர்ந்தால் இயங்கும் என்று தமிழ் இலக்கணம் கூறுகிறது. காகிதத்தில் வரைந்த கோடு மெய் போன்றது. அசைவு அதற்கு உயிராகிறது.

இழப்பும் எலியும்

1922ஆம் ஆண்டு வால்ட் கான்சஸ் சிட்டியில் சொந்த நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே அது கடனில் மூழ்கியது. அவர் தளராமல் ஹாலிவுட் சென்றார். 1923ஆம் ஆண்டு அக்டோபரில் அண்ணன் ராயுடன் இணைந்து புதிய படக்கூடம் அமைத்தார். அங்கே மைதீட்டும் பணியில் இருந்த லில்லியன் பௌண்ட்ஸ் என்பவரை 1925ஆம் ஆண்டு மணந்தார்.

1927ஆம் ஆண்டு வால்ட்டும் அவருடைய குழுவினரும் ஆஸ்வால்டு என்னும் முயலை உருவாக்கினர். முயல் மக்கள் மனத்தைக் கவர்ந்தது. 1928ஆம் ஆண்டின் தொடக்கத்தில், கூடுதல் தொகை கேட்பதற்காக வால்ட் நியூயார்க் சென்று விநியோகஸ்தரைச் சந்தித்தார். அங்கே அவருக்கு அதிர்ச்சி காத்திருந்தது. தொகை கூடுவதற்குப் பதிலாகக் குறையும் என்று தெரிவிக்கப்பட்டது. முயலின் உரிமை தம்மிடம் இல்லை என்பதும், தம் ஓவியர்களுள் பெரும்பாலோர் விநியோகஸ்தருடன் ஒப்பந்தம் செய்துவிட்டனர் என்பதும் தெரியவந்தன. ரைட்ஸ், அதாவது உரிமை, என்னும் ஆங்கிலச் சொல்லின் முழுப்பொருளை வால்ட் அன்று இழப்பின் வழியே கற்றார்.

அப் ஐவர்க்ஸ் உடன் நின்றார். இருவரும் சேர்ந்து ஓர் எலியைப் படைத்தனர். அதுவே மிக்கி மௌஸ். தொடக்கக் காலப் படங்களின் பெரும்பகுதியை ஐவர்க்ஸ் தம் கையால் வரைந்தார். வால்ட் அந்த எலிக்குக் குரல் கொடுத்தார். 1928ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் நாள், ஒலியுடன் பொருந்திய ஸ்டீம்போட் வில்லி என்னும் குறும்படம் நியூயார்க்கில் திரையிடப்பட்டது. அதன் தலைப்பு அட்டையில் வால்ட் டிஸ்னியின் பெயரோடு ஐவர்க்ஸின் பெயரும் இருந்தது. 1930ஆம் ஆண்டு ஐவர்க்ஸ் விலகிச் சென்றார். அதன்பின் வந்த குறும்படங்களில் நெடுங்காலம் வால்ட் டிஸ்னி என்னும் ஒரு பெயரே தோன்றியது.

படக்கூடத்தின் சொற்கள்

1930களில் படக்கூடம் விரைந்து வளர்ந்தது. வேலை பெருகவே, வேலையைக் குறிக்கும் சொற்களும் பெருகின.

கதையை எழுத்தில் மட்டும் எழுதினால், அது திரையில் எவ்வாறு தோன்றும் என்பது விளங்குவதில்லை. ஆகவே கதையின் ஒவ்வொரு நிகழ்வையும் சிறுசிறு படங்களாக வரைந்து, பெரிய பலகையில் ஊசிகளால் வரிசையாகக் குத்தி வைத்தனர். வெப் ஸ்மித் என்னும் கதை ஓவியரே இம்முறையைக் கொண்டுவந்தார் என்பர். பிடிக்காத படத்தை எடுத்து எறியலாம், இடம் மாற்றலாம், புதியது சேர்க்கலாம். ஸ்டோரி என்றால் கதை. போர்டு என்றால் பலகை. இவ்விரண்டும் சேர்ந்து ஸ்டோரிபோர்டு ஆயிற்று.

அடுத்து அசைவு. ஒரு சிறுவன் கையை உயர்த்துகிறான் என்று கொள்வோம். கை கீழே இருக்கும் நிலை, கை மேலே இருக்கும் நிலை ஆகிய இரண்டையும் முதன்மை ஓவியர் வரைவார். இவை கீ டிராயிங் எனப்படும். கீ என்பது திறவுகோல். அசைவு முழுவதையும் திறக்கும் படம் என்பதால் இப்பெயர் பொருந்துகிறது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நிலைகளை இளம் ஓவியர்கள் வரைவர். பிட்வீன் என்றால் இடையே என்று பொருள். ஆகவே இடைப்பட்ட படம் இன்பிட்வீன் என்றும், அதை வரைபவர் இன்பிட்வீனர் என்றும் பெயர் பெற்றனர்.

இவ்வாறு வரைந்தவற்றை உடனே வண்ணம் தீட்டுவதில்லை. பென்சில் கோடுகளாகவே படம்பிடித்து, அசைவு சரியாக உள்ளதா என்று பார்த்தனர். இது பென்சில் டெஸ்ட் ஆகும். இதைப் போட்டுப் பார்த்த அறை சிறியது, புழுக்கம் மிகுந்தது. வால்ட் அங்கே அமர்ந்து ஒவ்வொரு குறையையும் சுட்டிக்காட்டுவார். வரைந்தவர்க்கு அச்சத்தாலும் வியர்த்தது. ஆதலின் அவ்வறைக்கு ஸ்வெட்பாக்ஸ், அதாவது வியர்வைப் பெட்டி, என்று ஓவியர்களே பெயரிட்டனர்.

தேர்வு பெற்ற படங்கள் இங்க் அண்ட் பெயிண்ட் என்னும் பிரிவுக்குச் சென்றன. இங்க் என்றால் மை; பெயிண்ட் என்றால் வண்ணம். செல்லுலாய்டு என்னும் ஒளி ஊடுருவும் தாளின் முன்புறத்தில் மையால் கோடு இழுத்து, பின்புறத்தில் வண்ணம் தீட்டினர். அத்தாளின் நீண்ட பெயர் செல் எனச் சுருங்கியது. இப்பிரிவில் பணி செய்தோர் பெரும்பாலும் பெண்கள். தாளில் விரல்தடம் படாதிருக்க அவர்கள் வெள்ளைக் கையுறை அணிந்தனர். கோடு ஒரு மயிரிழை பிறழ்ந்தாலும் திரையில் உருவம் நடுங்கும். ஆகவே அவர்களுடைய பணிக்கு உறுதியான கையும் பொறுமையும் தேவைப்பட்டன.

இவ்வளவும் திரண்டு 1937ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள் ஸ்னோ ஒயிட் என்னும் முழுநீளப் படமாக வெளிவந்தது. இத்தனை நீளமான கருத்துப்படத்தை எவரும் அமர்ந்து பார்க்கமாட்டார் என்று பலர் எள்ளினர். படமோ பெரும் வெற்றி பெற்றது. அது 83 நிமிடம் ஓடுவது. திரையில் ஒரு நொடிக்கு 24 சட்டகங்கள் ஓடும். கணக்கிட்டால் 1 இலட்சத்து 19 ஆயிரத்துக்கும் மேற்பட்ட சட்டகங்கள் வருகின்றன. அவற்றுக்குரிய செல்களைத் தீட்டிய பெண்களின் பெயர்கள் படத்தின் தொடக்கத்தில் வந்த பட்டியலில் இடம்பெறவில்லை.

திறந்த கதவும் வெளியே நின்றவர்களும்

படக்கூடத்தின் உள்ளே நடப்பதை அறிய மக்கள் விரும்பினர். ஆகவே 1941ஆம் ஆண்டு ஜூன் மாதம் வால்ட், தி ரிலக்டண்ட் டிராகன் என்னும் படத்தை வெளியிட்டார். ராபர்ட் பெஞ்ச்லி என்னும் நகைச்சுவை நடிகர் படக்கூடத்தின் அறைதோறும் செல்வதாக அது அமைந்தது. ஓவிய வகுப்பு, ஒலிப்பதிவு, ஸ்டோரிபோர்டு, வண்ணம் குழைக்கும் அறை ஆகியவற்றை அப்படம் காட்டியது. கருப்பு வெள்ளையில் தொடங்கிய படம், பெஞ்ச்லி ஒளிப்பதிவு அறைக்குள் நுழைந்ததும் வண்ணத்துக்கு மாறியது. கண்டவர் வியந்தனர். அதுவரை கேளாத தொழிற்சொற்களையும் கேட்டறிந்தனர்.

அப்படம் காட்டாத ஒன்று இருந்தது. அதே வேளையில் படக்கூடத்தின் வாயிலில் நூற்றுக்கணக்கான ஊழியர்கள் பதாகைகளுடன் நின்றுகொண்டிருந்தனர். மே மாத இறுதியில் அவர்கள் வேலைநிறுத்தம் தொடங்கியிருந்தனர். இதை ஆங்கிலத்தில் ஸ்ட்ரைக் என்பர். ஐரோப்பாவில் போர் மூண்டதால் வெளிநாட்டு வருவாய் குன்றியது. பணிநீக்கம் வரும் என்னும் அச்சம் பரவியது. ஒரே கூடத்தில் சிலர்க்கு உயர்ந்த ஊதியமும் பலர்க்கு மிகக் குறைந்த ஊதியமும் கிடைத்தன. தொழிற்சங்கத்தில் முன்னின்ற ஓவியர்கள் சிலர் நீக்கப்பட்டனர். அவர்களுள் ஆர்ட் பாபிட் என்னும் சிறந்த ஓவியரும் ஒருவர். திரையில் தம் பெயர் வரவேண்டும் என்பதும் ஊழியர்களின் மனக்குறைகளுள் ஒன்று. திரைப்படத்தில் படக்கூடத்து ஓவியர்களாகத் தோன்றியோருள் சிலர் நடிகர்கள். உண்மையான ஓவியர் பலர் தெருவில் நின்றனர். படம் திரையிடப்பட்ட அரங்கின் முன்னும் அவர்கள் பதாகை ஏந்தினர்.

கிரெடிட் என்னும் ஆங்கிலச் சொல்லுக்குப் பொருள் பல. வங்கியில் அது வரவு. கடையில் அது கடன். இவற்றுக்கெல்லாம் அடிப்படை, நம்பிக்கையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லாகும். படக்கூடத்தில் கிரெடிட் என்பது, இன்ன வேலையை இன்னார் செய்தார் என்று திரையில் அறிவிப்பது. ஊழியர் கேட்டவற்றுள் இந்தக் கிரெடிட்டும் ஒன்று.

வால்ட் இதைத் தமக்குச் செய்த நன்றிக்கேடாகக் கருதினார். தாம் அக்கறையுடன் வளர்த்த கூடம் தம்மை எதிர்ப்பதை அவரால் ஏற்க இயலவில்லை. அவர் மனத்தில் கசப்பு நெடுங்காலம் நீடித்தது. எனினும் அரசு இடைநின்று உடன்பாடு காணச் செய்தது. தொழிற்சங்கம் ஏற்கப்பட்டது. ஓவியர் பலர் பிறகு விலகிச் சென்று வேறு கூடங்களில் புகழ் பெற்றனர்.

1942ஆம் ஆண்டு பாம்பி என்னும் மான்குட்டியின் கதை வெளிவந்தது. அதில் வேட்டைநாய்கள் மானைத் துரத்தும் காட்சியை ரெட்டா ஸ்காட் என்னும் பெண் வரைந்தார். அப்படத்தின் பட்டியலில் அனிமேட்டர் என்னும் பணியின்கீழ் அவர் பெயர் இடம்பெற்றது. டிஸ்னி படமொன்றில் அவ்வாறு பெயர் பெற்ற முதற்பெண் அவரே.

வீட்டுக்குள் வந்த படக்கூடம்

1954ஆம் ஆண்டு வால்ட் தொலைக்காட்சியில் வாரந்தோறும் தோன்றத் தொடங்கினார். தம் கூடத்தின் வேலைகளைச் சில நிகழ்ச்சிகளில் அவரே விளக்கினார். 1957ஆம் ஆண்டு மல்டிபிளேன் கேமராவை அவர் விளக்கிய முறை குறிப்பிடத்தக்கது. நிலவொளியில் ஒரு வீடு வரையப்பட்டுள்ளது. கேமரா அதை நெருங்கினால் வீடு பெரிதாகும். கூடவே நிலவும் பெரிதாகும். உண்மையில் ஒருவர் வீட்டை நோக்கி நடந்தால் நிலவு பெரிதாவதில்லை. இப்பிழையைத் தீர்க்க, வீடு, மரம், நிலவு ஆகியவற்றைத் தனித்தனிக் கண்ணாடித் தளங்களில் தீட்டி, ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினர். மேலிருந்து கேமரா படம்பிடித்தது. மல்டி என்றால் பல. பிளேன் என்றால் தளம். நிலவின் காட்சியைக் கண்டவர்க்கு இச்சொல்லைத் தனியே மனப்பாடம் செய்யும் தேவை ஏற்படவில்லை.

இத்தொழில் இந்தியாவுக்கும் வந்தது. டிஸ்னி கூடத்தில் பணியாற்றிய கிளேர் வீக்ஸ் என்னும் ஓவியர் 1956ஆம் ஆண்டு பம்பாயின் ஃபிலிம்ஸ் டிவிஷனுக்கு வந்து இந்திய ஓவியர்களுக்குப் பயிற்சி அளித்தார். அவரிடம் கற்றவர்களுள் ராம் மோகன் பின்னாளில் இந்திய அசைவூட்டக் கலையின் முன்னோடியாகப் போற்றப்பட்டார். அக்குழுவினர் புத்த சாதகக் கதையொன்றைத் தழுவி, தி பேன்யன் டீர் என்னும் படத்தை 1957ஆம் ஆண்டு உருவாக்கினர். கலிபோர்னியாவில் வழங்கிய தொழிற்சொற்கள் பம்பாயில் ஆலமரத்து மானின் கதைக்குப் பயன்பட்டன.

வால்ட் டிஸ்னி 1966ஆம் ஆண்டு டிசம்பர் 15ஆம் நாள் தம் 65ஆம் அகவையில் மறைந்தார். அவர் போட்டிப் பிரிவுகளில் பெற்ற ஆஸ்கார் விருதுகள் 22. இன்று செல் தாளும் மைப்புட்டியும் பெரும்பாலும் மறைந்துவிட்டன. கணினியே வரைகிறது, வண்ணம் தீட்டுகிறது. ஆனால் ஸ்டோரிபோர்டு மறையவில்லை. கீ என்னும் சொல்லும் இன்பிட்வீன் என்னும் சொல்லும் கணினிக்குள்ளும் வாழ்கின்றன.

இன்றைய படங்களின் முடிவில் நூற்றுக்கணக்கான பெயர்கள் நீண்ட வரிசையாக மேலே செல்கின்றன. படம் முடிந்தது என்று எழுந்து செல்வோர் பலர். சற்று நேரம் அமர்ந்து படித்தால், ஒவ்வொரு பெயரின் அருகிலும் ஒரு வேலையின் பெயரைக் காணலாம். வேலையின் பெயரை அறிந்தால் ஓர் ஆங்கிலச் சொல் கிடைக்கும். அருகிலுள்ள பெயரையும் படித்தால் அவ்வேலையைச் செய்தவர்க்கு உரிய மதிப்பும் கிடைக்கும்.

சொற்பொருள்

அரிது – எளிதில் காண இயலாதது
எள்ளினர் – இகழ்ந்து சிரித்தனர்
பிறழ்தல் – நெறி மாறுதல்
பதாகை – முழக்கம் எழுதிய துணி அல்லது அட்டை
அகவை – வயது

பயிற்சி

1. நூலகத்தில் கிடைத்த நூல் வால்ட் டிஸ்னிக்கு எவ்வாறு உதவியது?
2. ஸ்டோரிபோர்டு, இன்பிட்வீன், மல்டிபிளேன் ஆகிய சொற்களைப் பிரித்துப் பொருள் எழுதுக. ஒவ்வொன்றுக்கும் பொருத்தமான தமிழ்ச்சொல் ஒன்றை நீங்களே உருவாக்குக.
3. 1941ஆம் ஆண்டு வெளிவந்த படம் எவற்றைக் காட்டியது? எதைக் காட்டவில்லை?
4. அடுத்த முறை ஓர் அசைவூட்டப் படம் காணும்போது, முடிவில் வரும் பட்டியலிலிருந்து ஐந்து பணிகளின் பெயர்களைக் குறித்து வந்து, அவற்றின் பொருளை வகுப்பில் தமிழில் விளக்குக.